மெத்தைக் காப்பு விரிப்பு: படுக்கையின் அழுக்கைத் தாங்கிய துணியும் அதை வெளுத்த கைகளும்

மெத்தைக் காப்பு விரிப்பு என்பது மெத்தைக்கும் படுக்கை விரிப்புக்கும் இடையில் போடப்படும் உறை ஆகும். கடைகளில் இதை மெட்ரஸ் புரொடெக்டர் என்றும், வீடுகளில் மெத்தை கவர் என்றும், வாட்டர்புரூஃப் கவர் என்றும் சொல்கிறார்கள். வியர்வை, சிந்திய நீர், குழந்தையின் சிறுநீர், நோயாளியின் இரத்தம், தூசி ஆகியவை மெத்தைக்குள் இறங்காமல் தடுப்பது இதன் வேலை. மெத்தையைத் துவைக்க முடியாது. இதைத் துவைக்க முடியும். இந்த ஒரு வேறுபாட்டில்தான் இதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பொருள் புதிது என்றாலும் இதன் பின்னுள்ள எண்ணம் மிகப் பழையது. துவைக்க முடியாத படுக்கையின் மேல் துவைக்கக்கூடிய ஒரு துணியை விரித்து, அழுக்கை அந்தத் துணியோடு நிறுத்திக்கொள்வது தமிழர் வாழ்க்கையில் சங்க காலத்திலிருந்தே இருந்து வருகிறது. காலத்துக்குக் காலம் மாறியது துணியின் வகையும், அதை வெளுத்த முறையும், வெளுத்தவர் யார் என்பதும்தான். இக்கட்டுரை அந்த மூன்று மாற்றங்களையும் தென் தமிழ்நாட்டை, குறிப்பாகச் சங்கரன்கோவில் வட்டாரத்தை மையமாக வைத்து விளக்குகிறது. இறுதியில், இன்றைய காப்பு விரிப்பைத் துவைத்துப் பராமரிக்கும் முறையும் காரணங்களுடன் தரப்பட்டுள்ளது.

சங்க இலக்கியத்தில் படுக்கையும் விரிப்பும்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை, நக்கீரர் பாடியது. போர்ப் பாசறையில் இருக்கும் அரசனைப் பிரிந்து வாடும் அரசியின் கட்டில் அதில் விரிவாகக் காட்டப்படுகிறது. யானைத் தந்தத்தால் அமைந்த கட்டில். அதன்மேல் அன்னத்தின் மெல்லிய தூவி பரப்பிய அணை. அதற்கும் மேலே, கஞ்சியிட்டுக் கழுவி மடித்த தூய துணி விரிக்கப்பட்டிருந்தது என்கிறார் புலவர்.

இந்த அடுக்கைக் கவனிக்க வேண்டும். அன்னத் தூவியை நீரில் நனைத்துத் துவைக்க முடியாது. ஆகவே அழுக்குப்படும் இடத்தில் துவைத்த துணி இருக்கிறது. கஞ்சியும் வெறும் மொடமொடப்புக்காக மட்டும் பயன்பட்டதன்று. கஞ்சி நூலிழைகளின் இடைவெளியை அடைத்து, துணியின்மேல் மெல்லிய படலமாக நிற்கும். உடல் எண்ணெயும் தூசியும் இழைக்குள் போகாமல் அந்தப் படலத்தில் ஒட்டும். அடுத்த முறை நீரில் நனைத்தால் கஞ்சி கரைந்து அழுக்கையும் உடன் கொண்டு போய்விடும். நீர் புகாத படலம் பூசிய இன்றைய விரிப்புக்கு இதை ஒரு தொலைதூர முன்னோடி என்று சொல்லலாம்.

அந்தத் துணியை வெளுத்தவரும் சங்கப் பாடல்களில் இருக்கிறார். அவரைப் புலைத்தி என்று அப்பாடல்கள் குறிக்கின்றன. குறுந்தொகையின் 330ஆம் பாடல், புலைத்தி துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்தெடுத்து, அடித்து, குளத்து நீரில் அலசும் காட்சியைத் தருகிறது. புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர் நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் வெள்ளைத் துணி வெளுக்கும் புலைத்தி வருகிறாள். களர் நிலம் காரத்தன்மை உடையது. காரம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிக்கும். உழவுக்கு உதவாத அந்த நிலம் சலவைக்கு உதவியது. ஆனால் தூய்மையைத் தந்தவளுக்கு வழங்கிய பெயரில் உள்ள 'புலை' என்ற சொல்லே பிற்காலத்தில் இழிவைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது. இந்த முரண் பின்வரும் நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது.

பாயும் நார்க்கட்டிலும்

அரண்மனைக்கு வெளியே, பெரும்பாலான மக்களின் படுக்கை பாய்தான். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கொண்டு பத்தமடையில் நெய்யப்படும் பாய் உலகப் புகழ் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆனால் மெல்லிய பத்தமடைப் பாய் திருமணத்துக்கும் விருந்தினருக்கும் உரியது. அன்றாடத்துக்குத் தடித்த கோரைப்பாயும் பனையோலைப் பாயும் பயன்பட்டன. பனை நிறைந்த பழைய திருநெல்வேலிச் சீமையில், பனைநாரால் பின்னிய நார்க்கட்டில் வீட்டுத் திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் கிடந்தது. கயிற்றுக் கட்டிலும் உண்டு.

பாய்க்கும் நார்க்கட்டிலுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. இரண்டும் நீரைத் தேக்கி வைப்பதில்லை. குழந்தை நனைத்தால் பாயைக் கழுவிச் சுவரில் சாய்த்தால் போதும். நார்க்கட்டிலில் காற்று கீழிருந்து மேலே வரும், ஈரம் தங்காது. மூட்டைப்பூச்சி வந்தால் கட்டிலை வெயிலில் போட்டு, மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுவார்கள்.

குழந்தைக்கும் நோயாளிக்கும் பாயின்மேல் பழைய வேட்டியையோ நூல் சேலையையோ நான்காக, எட்டாக மடித்துப் போடுவார்கள். பலமுறை துவைத்து நைந்த பருத்தித் துணி புதுத்துணியைவிட விரைவாக ஈரத்தை உறிஞ்சும், தோலையும் உறுத்தாது. நனைந்ததும் அந்த மடிப்பை மட்டும் எடுத்து அலசினால் போதும். மழை குறைந்த கரிசல் காட்டு ஊர்களில் இதற்கு இன்னொரு பயனும் இருந்தது. தண்ணீரைத் தலையில் சுமந்துவரும் வீட்டில் பெரிய விரிப்பைத் தினமும் துவைக்க வழியில்லை. ஒரு முழத் துணியை ஒரு குடம் நீரில் அலசிவிடலாம். படுக்கைக்குக் காப்புத் துணி போடும் வழக்கம் சுத்தத்தோடு நீர்ச் சிக்கனத்தையும் தந்தது.

இலவம் பஞ்சு மெத்தை

மெத்தை வசதியுள்ள வீடுகளுக்கு வந்தபோது அதனுள் நிரப்பப்பட்டது பெரும்பாலும் இலவம் பஞ்சு. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் இன்றும் இலவம் பஞ்சு வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். இலவம் இழை உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும். அதன்மேல் இயற்கையான மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் அது நீரை எளிதில் ஏற்காது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு உடைகளுக்குள் இப்பஞ்சு அடைக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஆனால் இலவம் பஞ்சு மெத்தையை நீரில் போட்டுத் துவைக்கக் கூடாது. இழைகள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். நடுவில் தங்கும் ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மெத்தையைப் பராமரிப்பது என்றால் வெயிலில் போடுவதுதான். சூடு ஏறியதும் பஞ்சு உப்பும். ஆண்டுக்கு ஒருமுறையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ மெத்தையின் தையலைப் பிரித்துப் பஞ்சைக் காயவைத்து அடித்து மீண்டும் தைப்பார்கள். வில் போன்ற கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சு அடிப்பவர் தெருவில் குரல் கொடுத்து வருவது அண்மைக்காலம் வரை இருந்தது.

இந்த மெத்தைகளுக்குக் கோடு போட்ட, நெருக்கமாக நெய்த தடித்த துணியால் உறை தைப்பார்கள். பஞ்சு வெளியே வராமலும் பூச்சி உள்ளே போகாமலும் இருக்க நெருக்கமான நெசவு தேவைப்பட்டது. அந்த உறைக்கு மேலே இன்னொரு வெள்ளை உறையோ, பவானி ஜமுக்காளமோ, பருத்தி விரிப்போ போடப்பட்டது. சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரத் தறிகளில் நெய்த நூல் சேலைகள் கட்டிப் பழசானதும் விரிப்பாகவும், தொட்டிலாகவும், குழந்தையின் மடிப்புத் துணியாகவும் மறுவாழ்வு பெற்றன. தறியிலிருந்து இறங்கிய துணி கடைசியில் கரித்துணியாகும்வரை பல படிகளில் உழைத்தது.

உவர்மண்ணும் வெள்ளாவியும்

சோப்பு வருவதற்கு முன் படுக்கைத் துணிகள் எப்படி வெளுக்கப்பட்டன? ஆற்றங்கரையிலும் குளத்துக் கரையிலும் வண்ணான் துறை எனப்படும் இடங்கள் இருந்தன. உவர்மண் என்பது சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த காரமண். அதை நீரில் கரைத்துத் துணியைத் தோய்த்து ஊறவைப்பார்கள். பிறகு கல்லில் அடிப்பார்கள்.

அதிகம் அழுக்கான துணிக்கு வெள்ளாவி உண்டு. பெரிய பானைகளில் நீர் ஊற்றி அடியில் தீ மூட்டி, அந்தப் பானைகளின் வாய்மேல் காரநீரில் தோய்த்த துணிகளை அடுக்கி மூடிவிடுவார்கள். இரவு முழுவதும் ஆவி துணிகளின் ஊடாக ஏறும். காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப் பசையைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும். கொதிநீரின் ஆவிச் சூட்டில் மூட்டைப்பூச்சி, பேன், அவற்றின் முட்டைகள், பல நோய்க்கிருமிகள் அழியும். காலையில் அலசி, வெயிலில் விரித்துக் காயவைத்தால் வெளுப்பும் கிடைக்கும். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அனுபவத்தால் கண்டடைந்த கிருமிநீக்க முறை இது.

ஊரின் துணிகள் எல்லாம் ஒரே வெள்ளாவியில் வேகும்போது யாருடையது எது என்று தெரிய வேண்டும். அதற்குச் சேங்கொட்டையின் சாற்றால் துணியின் ஓரத்தில் குறியிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. அந்தக் கறை எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. எழுத்துப் படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்கள், ஊர் முழுவதையும் குறிகளாக நினைவில் வைத்திருந்தார்கள்.

யார் வெளுத்தார்கள்?

இங்கே வரலாற்றின் கசப்பான பகுதி வருகிறது. படுக்கையின் அழுக்கு, மற்ற அழுக்குகளைப் போன்றதன்று. பேறுகாலத் துணி, மாதவிலக்குத் துணி, நோயாளியின் துணி, இறந்தவர் கிடந்த விரிப்பு ஆகியவை தீட்டு எனக் கருதப்பட்டன. அவற்றைத் தொடுவதற்கென்று ஒரு சாதி ஒதுக்கப்பட்டது. வண்ணார் குடும்பப் பெண்கள் வீடுவீடாகச் சென்று அந்தத் துணிகளை எடுத்து வந்தார்கள். சடங்குகளுக்கு அவர்கள் கொண்டுவரும் வெளுத்த துணிக்கு மாற்று என்று பெயர். பூப்பு, திருமணம், சாவு எதுவும் அந்த மாற்று இல்லாமல் நடக்காது. ஊதியமாக அறுவடையில் கொஞ்சம் தானியமும், மாலையில் வீடுதோறும் கொடுக்கும் சோறும் கிடைத்தன. வெளுத்துத் தந்த துணி தூயது. வெளுத்தவர் மட்டும் தூயவர் இல்லை என்பது ஊரின் கணக்கு.

தீண்டாமைக்குள்ளும் ஒரு தீண்டாமை இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் துணிகளை வெளுக்கும் புதிரை வண்ணார்கள் அந்த அடுக்கின் அடியில் வைக்கப்பட்டார்கள். 1932 டிசம்பர் 24 அன்று வெளியான தி இந்து நாளிதழின் செய்தி ஒன்று, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இம்மக்களைப் பற்றிச் சொல்கிறது. தக்கர் பாபா என அறியப்பட்ட ஏ. வி. தக்கர் அவர்களைச் சந்தித்துக் கூறிய விவரம் அது. அவர்களைப் பார்ப்பதே தீட்டு எனக் கருதப்பட்டதால் பகலில் வெளியே வர அவர்களுக்கு அனுமதி இல்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் துணி வெளுத்தார்கள். வீட்டைவிட்டு வெளியே வந்து பேசச் செய்வதே கடினமாக இருந்தது. மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதி முறை பற்றிய தம் நூலில் இச்செய்தியை எடுத்தாண்டிருக்கிறார். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் சங்கரன்கோவில் அந்நாளில் அதே திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு வட்டம். ஆகவே இது எங்கோ தொலைவில் நடந்த கதை அன்று.

நாட்டு விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனாலும் பழைய வேலைப் பிரிவினை உடனே மறையவில்லை. எழுத்தாளர் இமையம் 1994இல் வெளியிட்ட கோவேறு கழுதைகள் என்ற நாவல், புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையைச் சொல்வது. பேறுகாலமும் சாவும் நிகழும் வீடுகளில் அவள் செய்யும் வேலைகளை அதில் காணலாம். தமிழ்நாடு அரசு புதிரை வண்ணார்களுக்கென நல வாரியம் அமைத்தது 2009இல்தான்.

சலவைத் தொழிலில் இருந்த தமிழர் ஊர்விட்டு ஊர் சென்று பெயர் பெற்றதும் உண்டு. கேரளத்தின் கொச்சிக் கோட்டைப் பகுதியில் உள்ள தோபிகானாவில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக வெளுத்து வருகின்றன. டச்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் துணி வெளுப்பதற்காக அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழியினர் தாங்கள் என்று அவர்கள் கூறுகிறார்கள். 1976இல் அங்கே தனித்தனி வெளுப்புத் தொட்டிகளுடன் கட்டிடம் அமைந்தது. கஞ்சியிடுவதும், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயவைப்பதும் அங்கே இன்றும் காணக்கூடியவை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் அவர்கள் கையில்தான் வெண்மை பெறுகின்றன.

ரப்பர் விரிப்பின் வருகை

துணி எத்தனை மடிப்பாக இருந்தாலும் நீர் கடைசியில் கீழே இறங்கிவிடும். இதற்குத் தீர்வு ரப்பரிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் 1823இல் நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தா என்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டியது அது. வெயிலில் பிசுபிசுப்பாகவும் குளிரில் விறைப்பாகவும் ஆகும் குறை அதற்கு இருந்தது. அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகத்துடன் ரப்பரைச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டறிந்தபின் அக்குறை நீங்கியது.

மழைக்கோட்டாகத் தொடங்கிய துணி மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்தது. இன்றும் நம் ஊர் செவிலியர்கள் நோயாளியின் அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பை மெக்கின்டாஷ் என்றே சொல்கிறார்கள். கண்டுபிடித்தவர் பெயர் பொருளின் பெயராகிவிட்டது. மெத்தையின்மேல் விரிப்பு, அதன்மேல் இடுப்புப் பகுதியில் மெக்கின்டாஷ், அதை மறைத்து ஒரு குறுக்கு விரிப்பு என்று படுக்கை போடும் முறை செவிலியர் பாடத்தில் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி போன்ற நிறுவனங்கள் வழியாக இத்தகைய முறையான நோயாளிப் பராமரிப்பு தமிழகத்தில் வேரூன்றியது. இதில் துணியைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. நோயாளியின் அழுக்கைத் துடைப்பது தீட்டு வேலை என்ற நிலையிலிருந்து, படித்துச் சான்றிதழ் பெற்றுச் செய்யும் மதிப்புள்ள பணியாக அங்கே மாறியது.

ரப்பர் விரிப்பைப் பராமரிக்கச் செவிலியர்களுக்குக் கற்றுத்தரப்படும் விதிகள் எளியவை. சோப்பு நீரால் கழுவு, நிழலில் காயவை, முகப்பவுடர் போன்ற மாவைத் தூவு, மடிக்காதே, சுருட்டி வை. மடித்த இடத்தில் ரப்பர் வெடிக்கும். வெயில் பட்டால் உலர்ந்து உதிரும். பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் இதே ரப்பர் விரிப்பு மருந்துக் கடை வழியாக வந்து சேர்ந்தது. அதில் ஒரு சங்கடம் இருந்தது. நீரைத் தடுத்த ரப்பர் காற்றையும் தடுத்தது. வெப்பமான நம் ஊரில் அதன்மேல் படுத்தவருக்கு வியர்த்து வேர்க்குரு வந்தது.

சோப்பு, தூள், இயந்திரம்

இதற்கிடையே சலவைப் பொருளும் மாறியது. லீவர் நிறுவனத்தின் சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கியது. சர்ஃப் தூள் 1959இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. குஜராத்தில் கர்சன்பாய் படேல் 1969இல் தொடங்கிய நிர்மா, மலிவு விலையால் சலவைத் தூளை எளிய வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது. கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் துணியில் படியும். சலவைத் தூளுக்கு அந்தக் குறை குறைவு. இதனாலும் அது விரைவில் பரவியது. 1990களுக்குப் பின் சலவை இயந்திரம் நடுத்தரக் குடும்பங்களில் இடம்பிடித்தது.

இவற்றால் படுக்கைத் துணி ஊர்த் துறையிலிருந்து வீட்டுக்குள் வந்தது. சாதியின் பேரில் ஒரு குடும்பத்தின் தலையில் இருந்த சுமை இறங்கியது. இது நல்ல மாற்றம். ஆனால் வீட்டுக்குள் வந்த சுமை பெரும்பாலும் ஒரே ஒருவரிடம் போய் நின்றது. குழந்தையின் துணியையும், படுக்கையாகிவிட்ட மாமனாரின் விரிப்பையும் இன்று அலசுபவர் அந்த வீட்டுப் பெண்தான்.

நுரை மெத்தையும் இன்றைய காப்பு விரிப்பும்

1929இல் டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரப்பர் பாலை நுரைக்கச் செய்து மெத்தைப் பொருளாக்கினார்கள். பழைய தலைமுறையினர் நுரை மெத்தை எதையும் டன்லப் மெத்தை என்று சொல்வது இதனால்தான். 1937இல் ஜெர்மனியின் ஓட்டோ பேயர் குழுவினர் பாலியூரித்தேன் என்ற பொருளை உருவாக்கினர். இன்றைய நுரை மெத்தைகளில் பெரும்பாலானவை அதனால் ஆனவை.

நுரை மெத்தையைப் பிரித்து அடிக்க முடியாது. வெயிலில் போட்டால் மஞ்சளித்து நொறுங்கும். ஒரு சொம்பு நீர் சிந்தினால் பஞ்சுபோல உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். கறை படிந்த மெத்தைக்கு உத்தரவாதம் செல்லாது என்று பல நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. பழைய பராமரிப்பு முறைகள் எல்லாம் பொருந்தாமல் போனதால்தான் தனியாக ஒரு காப்பு விரிப்பு தேவைப்பட்டது.

இன்றைய காப்பு விரிப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே பருத்தித் துண்டு போன்ற துணி அல்லது பாலியஸ்டர் பின்னல். அடியில் மிக மெல்லிய பாலியூரித்தேன் படலம். நீர்த்துளி இப்படலத்தைக் கடக்காது. நீராவி மட்டும் மெதுவாகக் கடந்து வெளியேறும். அதனால் ரப்பர் விரிப்பைப் போல இது புழுங்குவதில்லை. விலை மலிவான சிலவற்றில் பாலியூரித்தேனுக்குப் பதில் பிவிசி பிளாஸ்டிக் இருக்கும். அது சலசலக்கும், வியர்க்கும், விரைவில் வெடிக்கும்.

தூசி உண்ணியைப் பற்றிய ஆய்வுகள்

காப்பு விரிப்பு ஆஸ்துமாவைத் தடுக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை எவ்வளவு? வீட்டுத் தூசியில் ஒவ்வாமையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் உண்ணி என்பதை 1964இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் காட்டினர். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதன் உணவு. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மெத்தை அதற்கு ஏற்ற இடம்.

2003இல் பிரிட்டனில் 1,122 ஆஸ்துமா நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், உண்ணி புகாத உறைகளை மட்டும் போட்டதால் வயது வந்தோருக்குக் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. அதே நாட்டில் 284 குழந்தைகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், அத்தகைய உறை பயன்படுத்திய பிள்ளைகள் கடுமையான மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைக்கு வருவது குறைந்திருந்தது. ஆகவே உறையை மருந்துக்கு மாற்றாக நினைக்கக் கூடாது, துணையாகக் கொள்ளலாம். உண்ணியைக் கொல்லச் சுமார் 60 பாகை செல்சியசு சூடுள்ள நீர் தேவை. வெள்ளாவிப் பானை அதைவிட அதிகச் சூட்டைத் தந்துகொண்டிருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

துவைத்தலும் பராமரித்தலும்

விரிப்பின் ஓரத்தில் தைத்துள்ள சீட்டை முதலில் படிக்க வேண்டும். தொட்டிப் படத்துக்குள் உள்ள எண் நீரின் உச்ச வெப்பநிலை. முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் வெளுப்பான் கூடாது. இஸ்திரிப் பெட்டியின் மேல் இருந்தால் தேய்க்கக் கூடாது. சதுரத்துக்குள் வட்டம் என்பது உலர்த்தும் இயந்திரத்தைக் குறிக்கும்.

சிறுநீரோ இரத்தமோ பட்டால் உடனே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சுடுநீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். வாடை போக, சமையல் சோடாவை நீரில் கரைத்து அரைமணி நேரம் ஊறவைக்கலாம். பழைய உவர்மண்ணில் இருந்த காரப்பொருள்களில் இதுவும் ஒன்றுதான். பிறகு மென்மையான சலவைத் தூளில் துவைக்கலாம். தூள் அதிகமானால் துணியில் தங்கி நுண்துளைகளை அடைக்கும். உப்புநீர் ஊர்களில் ஒருமுறை கூடுதலாக அலசுவது நல்லது. பிளீச்சிங் பவுடர் படலத்தை அரிக்கும். கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, முறுக்கிப் பிழிவது மூன்றும் படலத்தைக் கிழிக்கும்.

சலவை இயந்திரத்தில் போடும்போது ஓர் எச்சரிக்கை உண்டு. நீர் புகாத துணி, பிழியும் சுழற்சியில் நீரைப் பை போலப் பிடித்துக்கொள்ளும். எடை ஒரு பக்கம் சாய்ந்து இயந்திரம் குதிக்கும், பழுதாகவும் கூடும். ஆகவே மெதுவான சுழற்சியில் துவைத்து, வேகமாகப் பிழிவதைத் தவிர்த்து, கொடியில் நீர் வடியவிட வேண்டும். இயந்திரத்தின் கையேட்டில் நீர் புகாத துணி கூடாது என்று இருந்தால் கையால்தான் துவைக்க வேண்டும்.

காயவைப்பது நிழலில், காற்றோட்டமான இடத்தில். துணிப்பக்கம் முழுதும் காய்ந்தபின் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் காயவிட வேண்டும். ஈரத்தோடு மெத்தையில் போட்டால், தடுக்க வேண்டிய பூஞ்சையை நாமே வரவழைத்தது போலாகும். எடுத்து வைக்கும்போது மடிப்பதைவிடச் சுருட்டி வைப்பது நல்லது. செவிலியர்களின் பழைய விதி இங்கும் பொருந்துகிறது.

வழக்கமான பயன்பாட்டில் ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். மேல்விரிப்பை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டில் இரண்டு காப்பு விரிப்புகள் வேண்டும். ஒன்று காயும்போது மற்றொன்று கட்டிலில் இருக்கும். வாங்கும்போது மெத்தையின் நீள அகலத்தோடு உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். பழையதில் ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்தால் படலம் கசிகிறதா என்று தெரிந்துவிடும். கசிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கைமாறிய வேலை

படுக்கையின் அழுக்கு எல்லாருக்கும் பொது. பிறக்கும்போதும் நோயிலும் முதுமையிலும் நனையாத படுக்கை எந்த வீட்டிலும் இல்லை. அதை நீக்கும் வேலையைச் செய்தவரை இழிந்தவர் என்று ஒதுக்கியதுதான் நம் வரலாற்றின் பிழை. இன்று மெல்லிய ஒரு படலமும், ஒரு கைப்பிடி சலவைத் தூளும் அந்த வேலையை யாரும் செய்யக்கூடியதாக எளிதாக்கிவிட்டன. யாரும் செய்யக்கூடிய வேலையை வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொள்வதில் தடை எதுவும் இல்லை. வளர்ந்த பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், தாங்கள் படுக்கும் விரிப்பைத் தாங்களே எடுத்துத் துவைத்துக் காயவைக்கப் பழகுவது நல்லது. இரவில் படுக்கை நனைக்கும் குழந்தையையும், அடக்க முடியாத முதியவரையும் கடிந்துகொள்ளாமல் விரிப்பை மாற்றிவிட்டு நகர்வது அதைவிட நல்லது. துணியைத்தான் வெளுக்க வேண்டும்; அதில் படுத்தவரையோ, அதை வெளுத்தவரையோ குறை சொல்ல ஒன்றும் இல்லை.